ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், சம்பளத்துல வெட்டுற வரி சரிதானா? கல்யாணத்துக்குப் பிறகு எச்ஆர்ல ஏதும் மாத்தணுமா?

கடலோர_ரயில் எழுதியது
2025 ஜூலை 21, இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், முழு விபரமும் சொன்னாத்தானே பதில் சொல்றவங்களுக்கும் லேசு.

எங்களுக்கு இந்த ஜனவரியில கல்யாணம் நடந்துச்சு, இப்ப வெள்ளவத்தையில வாடகைக்கு இருக்கோம். நான் ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனியில, அலவன்ஸ் எல்லாம் சேர்த்து மாசம் 290,000 ரூபா, அதுல ஏபிஐடின்னு சம்பள வரி 16,100 வெட்டுறாங்க. மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரி லெப்ல, 180,000, அவவுக்கு வெறும் 1,800 தான் வெட்டுறாங்க. அதுக்கு மேல சனி ஞாயிறுல ஒரு இன்ஸ்டிடியூட்ல படிப்பிக்கிறா, மாசம் 70,000 வருது, அதுல ஒரு சதமும் வெட்டுறதில்ல.

கல்யாணத்துக்கு வந்த காசு, ரெண்டு வீட்டாரும் தந்தது, எங்கட சேமிப்பு எல்லாத்தையும் போட்டு பெப்ரவரியில 30 லட்சத்துக்கு ஒரு எஃப்டி திறந்தோம், ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. 8 வீதம். மாசம் 20,000 வட்டி, பேங்க் 2,000 வெட்டிட்டு 18,000 போடுது.

இப்ப என்ன பிரச்சினைன்னா, என்ட அக்கா நியூ ஜெர்சியில இருக்கா, போன கிழமை கோல் எடுத்தப்ப சொன்னா "ரெண்டு பேரும் வேலைன்னா உடனே எச்ஆர்ல போர்ம் மாத்திக் குடுங்க, நாங்க மாத்தாம விட்டு வருஷக் கடைசியில பெரிய பில் வந்துச்சு"ன்னு. நான் அடுத்த நாளே எங்கட எச்ஆர்ல போய்க் கேட்டேன், அவங்களுக்கு நான் என்ன கேக்கிறேன்னே விளங்கல, "மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு மனைவியோட பேர் சேர்க்கணும்னா மட்டும் கல்யாண சர்டிபிகேட் கொண்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க.

அப்ப என்ட கேள்வி இதுதான். இலங்கையில புருஷன் பொஞ்சாதி சம்பளத்தை ஒண்டா சேர்த்து வரி போடுவாங்களா? மனைவிட 70,000க்கு வெட்டாம விடுறது சரியா? பேங்க் 10 வீதம் வெட்டினதோட வட்டிக்கு கணக்கு முடிஞ்சுதா? வீடு வாங்க காசு சேர்க்கிற நேரம், ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கடிதம் வந்து கையில இருக்கிறதெல்லாம் போயிடக்கூடாதுன்னு ஒரே யோசனையா இருக்கு, அவவும் சரியா நித்திரை கொள்றதில்ல.


சிவப்பு_மண் எழுதியது
இரவு 10.05

வாழ்த்துக்கள் ப்ரோ. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கல்யாணம் பதிஞ்சிட்டா ரெண்டு பேருக்கும் சேர்த்து 36 லட்சம் கழிவு, அதாவது வரி இல்லாத தொகை, வரும், அதுல மனைவி பாவிக்காத மிச்சத்தை உங்கட பேருக்கு எடுத்துக்கலாம். எச்ஆர்ல எழுதிக் குடுத்தா உங்கட 16,100 குறையும்னு நினைக்கிறேன். கேட்டுப் பாருங்க.


ஐந்தொகை எழுதியது
இரவு 11.20

சிவப்பு மண் தம்பி, குறை நினைக்காதேங்கோ, அது பிழை, இந்தப் பிழையை நம்பி எச்ஆரோட சண்டை பிடிச்ச ஆக்களை நான் கண்டிருக்கிறன், அதால இப்பவே திருத்திவிடுறன். 22 வருசமா கணக்கு வேலைதான் எனக்கு.

இலங்கையில வரி ஆளுக்கு ஆள் தனித்தனி. 2017ம் ஆண்டு 24ம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில புருசன் பெண்சாதி சேர்ந்து ஒரு விண்ணப்பம் போடுற முறையே இல்லை. உங்கட கழிவு உங்களுக்கு, அவவின்ர கழிவு அவவுக்கு, ஒருத்தர் பாவிக்காததை மற்றவருக்குக் குடுக்கேலாது. கல்யாணம் முடிச்சதால உங்கட சம்பளத்தில வெட்டுற தொகையில ஒரு ரூபாவும் கூடவும் மாட்டாது குறையவும் மாட்டாது. எச்ஆர் உங்களைத் திருப்பி அனுப்பினது அதால சரிதான்.

சேர்க்காம விட்டது உங்களுக்கு எவ்வளவு நல்லம் எண்டு பாருங்கோ. 2025 ஏப்ரல் 1ல இருந்து ஒராளுக்கு வருசம் 18 லட்சம் கழிவு, அதாவது மாசம் 150,000. அதுக்கு மேல வாற முதல் பத்து லட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஐந்து ஐந்து லட்சமா 18, 24, 30, அதுக்கு மேல எவ்வளவு வந்தாலும் 36. உங்கட 290,000க்கு இந்தக் கணக்கில 16,100 வருது, அவவின்ர 180,000க்கு 1,800, ரெண்டும் சரியாத்தான் வெட்டியிருக்கினம். ரெண்டு சம்பளத்தையும் ஒராளின்ர வருமானமா எடுத்து 470,000க்கு போட்டுப் பாத்தால் 75,200 வரும். இப்ப நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுறது 17,900. அதால "சேர்க்கினமோ" எண்ட பயத்தை இண்டைக்கே விடுங்கோ.

இன்னொண்டு, கன பேர் மாறி விளங்கிறவை, இந்த வரி ஈபிஎஃப் 8 வீதம் வெட்டின பிறகு வாற தொகைக்கு இல்லை, வெட்ட முந்தின மொத்தத்துக்கு. பெற்றோல் அலவன்ஸ் போன் அலவன்ஸ் எண்டு காசாத் தாறதும் உள்ள வரும். கொம்பனி போடுற 12 வீதம் மட்டும் வராது.

இனி உண்மையான பிரச்சினைக்கு வாறன். அது கல்யாணத்தில இல்லை, உங்கட மனுசியின்ர ரெண்டாவது வேலையில. அவவுக்கு கழிவு ஒண்டுதான். அதை ஆஸ்பத்திரி முழுசாக் குடுத்திட்டுது. இன்ஸ்டிடியூட் தன்ர 70,000ஐ மட்டும் பாத்து "150,000க்குக் கீழதானே" எண்டு விட்டால் கழிவு ரெண்டு தரம் போன மாதிரி. உண்மையில அவவின்ர வருமானம் மாசம் 250,000, அதுக்கு வரவேண்டியது 8,000. வெட்டுப்படுறது 1,800. மாசம் 6,200 குறையுது, வருசத்துக்கு 74,400.

வட்டிக்கும் 10 வீதத்தோட கணக்கு முடியேல்லை. அது முற்பணம் மாதிரி. 2025 மார்ச் வரைக்கும் 5 வீதமா இருந்தது, ஏப்ரலில இருந்துதான் 10. கூட்டு எஃப்டி எண்டபடியா, ஆர் எவ்வளவு போட்டது எண்டு பிரிச்சுக் காட்டேலாட்டில் பாதிப் பாதியாத்தான் எடுக்க வேணும், ஆளுக்கு வருசம் 120,000. உங்கட மேல்ப் படி 24 வீதம், 28,800 வரவேணும், பேங்க் உங்கட பங்குக்கு வெட்டினது 12,000, மிச்சம் 16,800. அவ 18 வீதத்தில நிக்கிறா, 21,600ல 12,000 போக 9,600. எல்லாம் சேர்த்து அவவின்ர பக்கம் 84,000, உங்கட பக்கம் 16,800.

டிசம்பரில போனஸ் வருமோ? அதையும் சொல்லுங்கோ, கணக்கு மாறும்.


கடலோர_ரயில் எழுதியது
ஜூலை 22, காலை 6.15

ஐயா, எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ராத்திரியே அவவுக்கு வாசிச்சுக் காட்டினேன். போனஸ் டிசம்பர்ல ஒரு மாச சம்பளம், 290,000. 84,000ங்கிற தொகையைக் கேட்டு அவ கொஞ்சம் நேரம் ஒண்டும் கதைக்கல, ஆனா இப்ப தெரிஞ்சது நல்லதுன்னு சொன்னா. அக்கா சொன்னது அப்ப முழுக்கப் பிழையா? அவ அவ்வளவு உறுதியா சொன்னாளே.


மழைக்காகம் எழுதியது
காலை 8.30

அக்கா சொன்னது பிழை இல்லங்க, அவங்க நாட்டுக்கு அது நூறு வீதம் சரி. நானும் மனைவியும் ஆறு வருஷம் அந்தப் பக்கம் வேலை செஞ்சிட்டு 2023ல கொழும்புக்கே திரும்பி வந்தோம், அதே அடி எங்களுக்கும் விழுந்துச்சு, அதனால சொல்றேன்.

அங்க புருஷன் பொஞ்சாதி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடலாம், அநேகமா எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. வேலைக்குச் சேரும்போது டபிள்யூ-4ன்னு ஒரு போர்ம் குடுப்பாங்க, அதுல நீங்க "கல்யாணமானவர், சேர்ந்து போடுறோம்"னு மட்டும் குறிச்சிட்டா உங்கட கொம்பனி என்ன நினைக்கும்னா இந்தக் குடும்பத்துக்கே இந்த ஒரு சம்பளம்தான்னு நினைச்சு தம்பதிக்குரிய முழுக் கழிவையும் கீழ்ப் படியில இருக்கிற குறைஞ்ச வீதங்களையும் உங்களுக்கே குடுத்துடும். மனைவியோட கொம்பனியும் அதையே செய்யும். ஒரு கழிவு ரெண்டு இடத்துல போயிடும். ரிட்டர்ன் போடும்போதுதான் ரெண்டு சம்பளமும் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி மேல் படிக்குப் போகும், அப்ப ஏப்ரல் 15க்கு முந்தி கையில இருந்து கட்டணும். முதல் வருஷம் நாங்க மூவாயிரம் டொலருக்கு மேல கட்டினோம், மகள் பிறந்த நேரம், அந்த மாசம் எப்படிப் போச்சுன்னு எனக்கு இப்பவும் ஞாபகம்.

2020ல அந்த போர்மை முழுசா மாத்திட்டாங்க, முந்தி இருந்த அலவன்ஸ் நம்பர் எல்லாம் இல்ல. இப்ப ரெண்டாம் படியில ஒரு சின்னப் பெட்டி இருக்கு, ரெண்டு வேலைன்னா அதை டிக் பண்ணணும், முக்கியமா ரெண்டு பேர்ட போர்ம்லயும் பண்ணணும், ஒராள் மட்டும் பண்ணினா பிரயோசனம் இல்ல. அப்ப கழிவையும் படிகளையும் பாதி பாதியாப் பிரிச்சு வெட்டுவாங்க. ரெண்டு சம்பளமும் கிட்டத்தட்ட ஒரே அளவுன்னா அது சரியா வரும், ஒண்டு பெருசு ஒண்டு சின்னதுன்னா தேவைக்கு மேல வெட்டுப்படும், அப்படிப்பட்டவங்க ஐஆர்எஸ்ங்கிற அந்த நாட்டு வரித் திணைக்களத்தோட இணையத்தளத்துல இருக்கிற கணிப்பானுல ரெண்டு பேஸ்லிப்பையும் போட்டுப் பார்த்து, வாற தொகையை நாலாம் படியில "ஒவ்வொரு சம்பளத்துக்கும் இவ்வளவு கூட வெட்டுங்க"ன்னு எழுதுறது நல்லம். பிள்ளைகளுக்கான தொகையை கூடின சம்பளக்காரர்ட போர்ம்ல மட்டும் போடணும், ரெண்டுலயும் போட்டா திரும்பவும் அதே கதைதான்.

யோசிச்சுப் பாத்தீங்கன்னா அங்க புருஷனுக்கும் பொஞ்சாதிக்கும் நடுவுல நடக்கிற பிரச்சினை இங்க உங்கட மனைவி ஒராளுக்குள்ளேயே நடக்குது. அவங்கட ஆஸ்பத்திரியும் இன்ஸ்டிடியூட்டும் ஒண்டை ஒண்டு அறியாது.


தேயிலைக்கொழுந்து எழுதியது
பகல் 12.50

இதை வாசிச்சதும் எழுதாம இருக்க முடியல. நான் ஹட்டன் பக்கம், இப்ப கொட்டாஞ்சேனையில இருக்கேன், நானும் உங்க வீட்டம்மா மாதிரி கிழமை நாள்ல ஒரு வேலை, சனி ஞாயிறுல வகுப்பு. 2023ல தொடங்கினேன். அப்ப கழிவு 12 லட்சம்தான், மாசம் ஒரு லட்சம், 6, 12, 18, 24, 30, 36ன்னு ஐந்து ஐந்து லட்சத்துக்கு படி ஏறும், இப்ப மாதிரி இல்ல, ரொம்ப இறுக்கம். என் சம்பளம் கொஞ்சம் கூடவே இருந்துச்சு, வகுப்புக்கு வாற காசை "அது சின்ன காசுதானே, வெட்டலன்னா வரி இல்லைன்னுதானே அர்த்தம்"ன்னு நினைச்சேன். யாரும் எனக்கு சொல்லித் தரல, படிப்பிச்ச இடத்துல கேட்டப்பவும் "நீங்க ஒண்ணும் செய்யத் தேவையில்ல மிஸ்"னு சொன்னாங்க.

ஒன்றரை வருஷம் கழிச்சு அம்மாவுக்கு வைத்தியச் செலவுக்குன்னு கடன் எடுக்கப் போனப்பதான் வரி ரிட்டர்ன் கொப்பி கேட்டாங்க, அப்பதான் ஒருத்தர்கிட்ட குடுத்து கணக்குப் பார்த்தேன். வரி மட்டும் இல்ல, பிந்தினதுக்கு வட்டியும் தண்டமும் சேர்ந்து நின்னுச்சு. கையில இருந்த சீட்டுக் காசு முழுக்க அதுக்குத்தான் போச்சு. அம்மாவை அந்த நேரம் காட்ட வேண்டிய டொக்டர்கிட்ட ஒரு மாசம் பிந்தித்தான் காட்டினேன், அது எனக்கு இன்னும் மனசுல இருக்கு.

அதனால தம்பி, தயவுசெஞ்சு இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. படிப்பிக்கிற காசு விழுந்த அன்னைக்கே 7,000 ரூபாவை வேற எக்கவுண்டுக்கு மாத்திடுங்க, அதை கையில இல்லாத காசா நினைங்க. ஐயா சொன்ன 84,000ஐ 12ஆல பிரிச்சா சரியா 7,000 வருது பாருங்க. ஏப்ரல்ல இருந்து நாலு மாசம் போயிட்டுது, அந்த 28,000ஐயும் எங்கயாவது இருந்து எடுத்து வச்சிடுங்க. நான் இப்ப அப்படித்தான் செய்றேன், நிம்மதியா இருக்கேன். தங்கச்சிகிட்ட சொல்லுங்க, பயப்பட ஒண்ணும் இல்லன்னு.


மருதானை_பேரோல் எழுதியது
பின்னேரம் 5.35

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஒரு கொம்பனியில பேரோல் செய்றேன், அந்தப் பக்கத்துல இருந்து ஒரு விஷயம் சொல்லணும், இதை இங்க யாரும் இன்னும் கேக்கல. இன்ஸ்டிடியூட் அவங்களுக்கு எப்படிக் காசு குடுக்குது? சம்பளச் சீட்டு இருக்கா, ஈபிஎஃப் போடுறாங்களா, இல்ல வவுச்சர்ல சைன் வாங்கிட்டு குடுக்கிறாங்களா? ரெண்டுக்கும் வழி வேற வேற.

சம்பளப் பட்டியல்ல பேர் இருந்தா அது ரெண்டாவது தொழில். வேலைக்குச் சேரும்போது "இதுதான் என்ட பிரதான வேலை"ன்னு ஒரு இடத்துக்கு மட்டும் எழுதிக் குடுக்கணும், அந்த இடத்துலதான் 150,000 கழிவு. ரெண்டாவது இடத்துக்கு எழுத்துல சொல்லணும் எனக்கு வேற பிரதான வேலை இருக்குன்னு, அப்ப அவங்க கழிவு குடுக்காம வெட்ட வேண்டியது அவங்கட பொறுப்பு. நெறைய இடத்துல எச்ஆர் புள்ளைகள் எல்லாருக்கும் ஒரே அட்டவணையைப் போட்டுடுவாங்க, கேட்டுத் திருத்தாட்டி அப்படியே போகும்.

வவுச்சர்னா அது சம்பளமே இல்ல, சேவைக் கட்டணம். படிப்பிக்கிறது, பரீட்சை பேப்பர் திருத்துறது, ஹோல்ல நிண்டு பார்க்கிறது இதெல்லாம் சேவைக் கட்டணப் பட்டியல்ல வருது. மாசம் ஒரு லட்சத்துக்கு மேல போனா 5 வீதம் பிடிக்கணும், அதுக்குக் கீழ பிடிக்கிறதில்ல. 70,000னா அதுதான் ஒரு சதமும் வெட்டாம வருது. பேப்பர் திருத்துற மாசம் ஒரு லட்சத்தைத் தாண்டினா அந்த மாசம் வெட்டுவாங்க, அதுக்கு சர்டிபிகேட் கேட்டு வாங்கி வைங்க, முழு வரியில அதைக் கழிக்கலாம். ஆனா வெட்டாட்டியும் வருமானம் வருமானம்தான், அவங்களே ரிட்டர்ன்ல காட்டிக் கட்டணும்.

போனஸ் பத்தியும் ஒண்டு. போனஸுக்கு வேற அட்டவணை, வருஷத்துக்கு எதிர்பார்க்கிற மொத்தச் சம்பளத்துக்கு மேல அதை வச்சுத்தான் பாப்பாங்க. உங்களுக்கு 290,000ல 69,600 வெட்டுப்படும், டிசம்பர் காசு கைக்கு வந்த பிறகு அதிர்ச்சி ஆகாதீங்க. ஆனா எங்களுக்கு உங்கட எஃப்டி பத்தித் தெரியாது, அதை நாங்க சேர்க்கவும் மாட்டோம்.

கேக்கலன்னாலும் சொல்றேன், உங்கட உம்மாவோ மாமியோ எஃப்டி வட்டியில சீவிக்கிறவங்களா இருந்து வருஷ வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாட்டி, டின் நம்பர், அதாவது வரி கட்டுறவங்களுக்குக் குடுக்கிற இலக்கம், எடுத்து பேங்க்ல சுய பிரகடனம் குடுத்தா அந்த 10 வீதத்தை வெட்ட மாட்டாங்க. என்ட உம்மாவுக்கு போன மாசம் நானே போய் குடுத்தேன்.


ஐந்தொகை எழுதியது
இரவு 8.10

மருதானை தம்பி சொன்னது முழுக்கச் சரி, அந்தக் கேள்வியை நான் முதலே கேட்டிருக்க வேணும்.

போனஸைப் போட்டுப் பாத்தன். உங்கட வரிக்குரிய தொகை 16 லட்சத்து 80 ஆயிரம், போனஸோட 19 லட்சத்து 70 ஆயிரம், 24 வீதப் படி 20 லட்சத்தோட முடியுது. அதால உங்கட வட்டிப் பங்கில முதல் 30,000க்குத்தான் 24, மிச்சம் 90,000மும் 30 வீதத்துக்குப் போயிடும். 34,200 வரும், பேங்க் வெட்டின 12,000 போக 22,200 நீங்கள் கட்ட வேணும், 16,800 இல்லை.

இதை நாலு தவணையாக் கட்டலாம், கட்டவும் வேணும். ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. அவவுக்கு ஒரு தவணை 21,000, உங்களுக்கு 5,550. வருமானத்தை மதிப்பிட்டு ஆகஸ்ட் 15க்கு முந்தி ஒன்லைனில போட வேணும், ரெண்டு பேரும் தனித்தனியா. கூடக்குறைய வந்தால் 2026 செப்டம்பர் 30க்கு முந்தி மிச்சத்தைக் கட்டி, நவம்பர் 30க்கு முந்தி ரிட்டர்ன் போடுறது. ஏப்ரலில ரெண்டு வேலை இடத்திலயும் சம்பளத்தில வெட்டின வரியைக் காட்டுற டி.10 சர்டிபிகேட்டை விடாமக் கேட்டு வாங்குங்கோ, பேங்கில வட்டிக்கு வெட்டினதுக்கும் வாங்குங்கோ, அது இல்லாட்டில் வெட்டின காசைக் கழிச்சுக் காட்டேலாது.

எனக்குத் தனிச் செய்தியில ஒருத்தர் கேட்டவர், எஃப்டியை முழுக்க மனுசியின்ர பேருக்கு மாத்தினால் 18 வீதத்தோட நிக்கும்தானே எண்டு. காசு ஆரின்ரையோ வட்டியும் அவரின்ர. வரி குறைக்கிறதுக்கெண்டே வருமானத்தை வேற ஆளுக்குப் பிரிச்சுக் காட்டினால் அதைத் திருத்திப் போட இறைவரித் திணைக்களத்துக்கு சட்டத்தில அதிகாரம் இருக்கு. உண்மையா அவ போட்ட காசு எண்டால் பேப்பரோட காட்டலாம், அது வேற. சும்மா பேரை மட்டும் மாத்தாதேங்கோ.


கடலோர_ரயில் எழுதியது
ஜூலை 24, இரவு 10.15

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேத்து அவ இன்ஸ்டிடியூட்ல கேட்டா, வவுச்சர்தான், ஈபிஎஃப் எதுவும் இல்ல. ஒரு லட்சத்துக்குக் கீழங்கிறதால வெட்டுறதில்லைன்னு அவங்களும் அதையேதான் சொன்னாங்க. நோட்ஸ் பிரிண்ட் எடுக்கிறது, போட்டோகொப்பி எல்லாம் அவட கைக்காசு, மாசம் நாலாயிரம் ஐயாயிரம் போகும், அதைக் கழிக்கலாமான்னு கேக்கச் சொன்னா.

இறைவரித் திணைக்களத்தோட 1944 நம்பருக்கு கோல் எடுத்தேன், ரெண்டு தரம் லைன் கிடைக்கல, மூணாவது தரம் ஒரு மிஸ் தமிழ்லயே பொறுமையா சொல்லித் தந்தாங்க. என்ட டின் நம்பர் இருந்துச்சு, அவவுக்கும் 2024ல எடுத்தது இருந்துச்சு, ஆனா ஒன்லைன்ல உள்ள போற பின் நம்பர் ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. நாளைக்கு அரை நாள் லீவு போட்டு கொம்பனித்தெருப் பக்கம் இருக்கிற தலைமையகத்துக்கே ரெண்டு பேருமா போறோம்.

தேயிலைக்கொழுந்து அக்கா, நீங்க எழுதினதை அவ ரெண்டு தரம் வாசிச்சா. அன்னைக்கே புதுசா ஒரு சேமிப்பு எக்கவுண்ட் திறந்து 28,000 போட்டுட்டோம், என்ட பங்குக்கு 1,850 மாசம் போடுறோம். அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

அக்காகிட்டயும் சொன்னேன், அவ ரெண்டாம் படிப் பெட்டியை அவட போர்ம்ல மட்டும்தான் டிக் பண்ணியிருக்கா, அத்தானோடதுல இல்லையாம். இந்தக் கிழமை அத்தானும் மாத்திக் குடுக்கிறாராம்.


தேயிலைக்கொழுந்து எழுதியது
இரவு 10.40

அம்மா நல்லா இருக்காங்க தம்பி, கேட்டதுக்கு நன்றி. மாசம் ஒருக்கா கிளினிக் போறாங்க. தங்கச்சி எக்கவுண்ட் திறந்தது ரொம்ப சந்தோசம்.


ஐந்தொகை எழுதியது
இரவு 11.05

வவுச்சர் எண்டால் அது அவவின்ர சொந்தத் தொழில் வருமானம், படிப்பிக்கிறதுக்கெண்டே செய்த செலவைக் கழிக்கலாம். பிரிண்ட், போட்டோகொப்பி, மார்க்கர் எல்லாத்துக்கும் கடையில பில் கேட்டு வாங்கச் சொல்லுங்கோ, திகதியோட ஒரு கொப்பியில எழுதி வைக்கட்டும். மாசம் 5,000 எண்டால் வருசம் 60,000, அவ நிக்கிற 18 வீதத்தில 10,800 குறையும். முதல் தவணைக்கு இப்போதைக்கு 21,000மே கட்டுங்கோ, பில் சேர்ந்த பிறகு மற்றத் தவணைகளில குறைக்கலாம்.

திகதியையும் குறிச்சு வையுங்கோ. ஆகஸ்ட் 15 வெள்ளி, பிரச்சினை இல்லை. நவம்பர் 15 சனிக்கிழமை, பெப்ரவரி 15 ஞாயிறு. அந்த ரெண்டுக்கும் முந்தின வியாழனே கட்டிப் போட்டு ரசீதைப் பிரிண்ட் எடுத்து வையுங்கோ.